பட்டாளத்துத் தாத்தாவைத் தேட எது முதலில்: பென்ஷன் தாளா, மஸ்டர் ரோலா, சர்ச் பதிவேடா?

பெரம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பிஸ்கட் டின் ஒன்றோடு வந்தார். உள்ளே ரசகற்பூர வாசனையோடு நாலைந்து காகிதங்கள். அதில் ஒன்று, அவருடைய கொள்ளுத்தாத்தா 1860களில் ஞானஸ்நானம் பெற்றதற்குச் சர்ச்சில் எடுத்த நகல். தகப்பனின் தொழில் என்ற கட்டத்தில் ஒரே வரி: 102ஆம் ரெஜிமெண்ட், பிரைவேட் (பதவி ஏதும் இல்லாத சாதாரணச் சிப்பாய்). நகலில் இருந்த குடும்பப் பெயரும் ஆன்ட்டியின் பிறந்த வீட்டுப் பெயரும் வேறு வேறு. "இந்த ஆள் யாரு, எந்த ஊர்லேர்ந்து வந்தான், என்ன ஆனான், கண்டுபிடிச்சுக் குடு மேன். காசு எவ்வளவு ஆகும்னு மட்டும் முதல்ல சொல்லிடு" என்றார்.

காசுதான் கேள்வி. மாதச் சந்தா கட்டி, வீட்டில் உட்கார்ந்தபடி பென்ஷன் தாள்களைத் தேடலாம். லண்டனில் ஆள் வைத்து மஸ்டர் ரோலை, அதாவது ரெஜிமெண்டின் வருகை, சம்பளப் பதிவேட்டைப் புரட்டச் சொல்லலாம். சர்ச் பதிவேடுகள் வழியாக, ஏறத்தாழ செலவே இல்லாமல், உள்ளே நுழையலாம். எதை முதலில் எடுப்பது என்பதில் கோட்டை விட்டால் பணம் போகும். அதைவிட மோசம், தப்பான ஆளைத் தாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்போம். எனக்கு இரண்டும் நடந்தது.

தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்கள் எல்லோருடைய கதையையும் எழுதி வைத்திருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தன் செலவுக் கணக்கைத்தான் எழுதி வைத்தது. யாருக்குச் சாகும்வரை பென்ஷன் கொடுக்க வேண்டுமோ, அவருடைய தாள்களைப் பத்திரப்படுத்தியது. பணியில் இருக்கும்போதே காலராவில் செத்தவர், ஓடிப்போனவர், பணம் கட்டி விடுதலை வாங்கிக்கொண்டவர் ஆகியோரின் தாள்களை வைத்திருக்க அதற்குக் காரணம் இல்லை. அதனால் உங்கள் தாத்தா பட்டாளத்தில் எப்படிச் சேர்ந்தார் என்பதைவிட, எப்படி வெளியே வந்தார் என்பதுதான் எங்கே தேடுவது என்பதைத் தீர்மானிக்கும்.

பென்ஷன் தாள்கள் லண்டனுக்கு மேற்கே கியூ என்ற இடத்தில் (வரிசை இல்லை, ஊர்ப் பெயரே அதுதான்) பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1760 முதல் 1913 வரையிலான இந்தத் தொகுதிக்கு டபிள்யூ.ஓ. 97 என்று பெயர் (டபிள்யூ.ஓ. என்பது வார் ஆபீஸ், போர் அலுவலகம்). ராணுவப் பென்ஷனைக் கவனித்த, லண்டனிலுள்ள செல்சீ ராயல் ஹாஸ்பிடல் வழியாகப் பென்ஷன் பெற்றவர்களின் ஆவணங்கள் இவை. முழுவதும் ஸ்கேன் செய்யப்பட்டு ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற சந்தாத் தளத்தில் கிடைக்கிறது. பெயரைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் ஆள் வந்துவிடுவார், இருந்தால். 1883க்கு முந்தைய தாள்களில் பென்ஷன் பெற்றவர்கள் மட்டுமே உண்டு. அதற்குப் பிறகுதான் ஒப்பந்தக் காலம் முடித்து வந்தவர்களும், பணம் கட்டி வெளியேறியவர்களும் சேர்கிறார்கள். பணியில் இறந்தவர் எந்தக் காலத்திலும் இதில் கிடையாது.

கிடைத்துவிட்டால் அதைப் போல ஒரு தாள் வேறெங்கும் இல்லை. நான் முதன்முதலில் திறந்தது நாலு பக்கம். பிறந்த ஊர் அயர்லாந்தில், தொழில் கூலி. எங்கெங்கே எத்தனை வருஷம் என்ற கணக்கு. நன்னடத்தைப் பட்டை எப்போது கிடைத்தது, எப்போது பிடுங்கப்பட்டது, திரும்ப எப்போது வந்தது. டாக்டர் எழுதிய காரணம்: வெப்ப நாட்டில் நீண்ட சேவையால் தேய்ந்த உடம்பு. கடைசியில் உயரம், நிறம், கண், முடி, உடம்பில் தழும்பு. போட்டோ இல்லாத காலத்தில், பென்ஷனை வேறொருவன் வந்து வாங்கிப் போகாமல் இருப்பதற்காக எழுதிய அடையாளம் அது. அதுதான் இன்று நமக்கு அவருடைய முகம். கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி. இனி வசிக்கப்போகும் இடம்: மெட்ராஸ்.

சந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், அதுவும் தேட வேண்டியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகு. கட்டிய அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நான் ஒரு தளத்தில் அதை மறந்துவிட்டு, திறந்துகூடப் பார்க்காத நாலு மாதத்துக்குக் கார்டில் பணம் கொடுத்தேன். 1854 வரை வெளியேறியவர்கள் என்றால் சந்தா கட்டும் முன்பே கியூவின் இணைய அட்டவணையில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பெயர், பிறந்த ஊர், ரெஜிமெண்ட், ஆண்டுகள் எல்லாம் இலவசமாகவே தெரியும். கியூவுக்கே நேரில் போகிறவர்களுக்கு அங்குள்ள கணினிகளில் சந்தாத் தளங்களும் இலவசம்.

பெயர் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். வீட்டை விட்டு ஓடிவந்தவர்களும், கடன்காரனுக்குப் பயந்தவர்களும், முன்பே ஒரு ரெஜிமெண்டிலிருந்து தப்பியவர்களும் பொய்ப் பெயரில் சேர்வது சாதாரணம். 1879இல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டையில் விக்டோரியா கிராஸ் வாங்கிய ஜான் வில்லியம்ஸின் உண்மைப் பெயர் ஜான் ஃபீல்டிங். நாட்டின் மிக உயர்ந்த பதக்கமே பொய்ப் பெயருக்குத்தான் போயிருக்கிறது. அவர் குடும்பத்தில் யாராவது ஃபீல்டிங் என்று ராணுவத் தாள்களில் தேடியிருந்தால் ஆளைப் பார்த்திருக்கவே முடியாது.

அடுத்தது மஸ்டர் ரோல். நூறு நாள் வேலைத் திட்டம் தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. யார் வந்தார், யாருக்கு எத்தனை நாள் கூலி என்ற அதே கதைதான். டபிள்யூ.ஓ. 12 என்ற வரிசை 1878 வரைக்கும், டபிள்யூ.ஓ. 16 அதற்குப் பிறகு 1898 வரைக்கும். பெரிய கட்டுப் புத்தகங்கள். ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும், ஒவ்வொரு காலாண்டுக்கும், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி. மாதத்துக்கு ஒரு கட்டமாக மூன்று கட்டங்கள். அதில் 'ஆஸ்பத்திரி', 'காவல்', 'வெளிவேலை' என்று சின்னச் சின்னக் குறிப்புகள். சம்பளம் பிடித்திருந்தால் அதற்கும் காரணம் இருக்கும். காலாண்டின் கடைசியில், வந்தவர் போனவர் பட்டியல்: இன்னார் இறந்தார், இன்னார் ஓடினார், இன்னார் வேறு ரெஜிமெண்டுக்கு மாறினார்.

இந்தக் கடைசி வகை இந்தியாவில் முக்கியம். ஒரு ரெஜிமெண்ட் இங்கிருந்து கப்பலேறும்போது, இங்கேயே பெண்டாட்டி பிள்ளை என்று இருந்தவர்கள், தங்கியிருக்கப்போகும் வேறொரு ரெஜிமெண்டுக்கு மாற விண்ணப்பித்துக்கொள்வார்கள். ரெஜிமெண்டின் வரலாற்றைப் படித்துவிட்டு 'தாத்தா அந்த வருஷம் இங்கிலாந்து போய்விட்டார்போல' என்று முடிவுகட்டியவர்கள், மஸ்டரைப் பார்த்தால் அசடு வழிவார்கள். 1868க்கும் 1883க்கும் இடைப்பட்ட சில மஸ்டர்களில் கல்யாணப் பட்டியலும் உண்டு. ஆனால் கமாண்டிங் ஆபீசரின் அனுமதியோடு கட்டிய மனைவி, அவளுடைய குழந்தைகள் மட்டும்தான் அதில் வருவார்கள்.

மஸ்டரின் பலம், அதில் எல்லோரும் இருக்கிறார்கள் என்பது. பலவீனமும் அதுவே. பெரும்பாலானவை இணையத்தில் இல்லை. 1861ஆம் ஆண்டு மஸ்டர்களை வைத்துத் தொகுத்த பெயர்ப் பட்டியல் ஒன்று ஃபைண்ட்மைபாஸ்டில் உண்டு. ரெஜிமெண்டே தெரியாதவர்களுக்கு அது பெரிய கைத்தடி. மற்றபடி யாராவது கியூவில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். படிக்கக் கட்டணம் இல்லை, சொந்தக் கேமராவில் படமெடுக்கவும் கட்டணம் இல்லை. லண்டனில் அக்கா பையன் யாராவது இருந்தால் பிரியாணிக்கு ஆசைகாட்டி அனுப்பலாம். இல்லையென்றால் மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஆராய்ச்சியாளர்தான் கதி. அவருடைய ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒன்றிரண்டு மாதச் சந்தா கட்டிவிடலாம். ஆகவே 'மர்ஃபி என்று ஒருவர், ஏதோ ஒரு ரெஜிமெண்ட்' என்று அவரிடம் போகாதீர்கள். ரெஜிமெண்ட், பட்டாலியன், ஒன்றிரண்டு வருஷம், முடிந்தால் ரெஜிமெண்ட் நம்பர் ஆகியவற்றோடு போனால் இரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். 1920 வரை ஒவ்வொரு ரெஜிமெண்டும் தனித்தனியாகவே நம்பர் கொடுத்தது. வெறும் நம்பரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. ரெஜிமெண்டோடு சேர்ந்தால்தான் அதற்குப் பொருள்.

இனி அந்த 102. இதை அவிழ்க்காமல் எந்த வழியும் திறக்காது. 1748இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் கட்டமைத்த மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமெண்ட்தான் இதன் வேர். ராஜாவின் படை இல்லை, கிழக்கிந்தியக் கம்பெனியின் படை. 1857இல் இதற்குத் தலைமை தாங்கிப் போன நீல், அலகாபாத்திலும் கான்பூரிலும் செய்த கொடுமைகளுக்குப் பெயர்போனவர். லக்னோவில் செத்தார். அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். அதை அகற்றச் சொல்லி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு சிலை எழும்பூர் மியூசியத்துக்குப் போனது. அந்த நீலின் ரெஜிமெண்ட்தான் ஆன்ட்டியின் பிஸ்கட் டின்னில் இருந்தது. இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கம்பெனியின் ஆட்சி முடிந்ததும் அதன் வெள்ளைக்காரப் பட்டாளத்தை அரசியின் படையோடு சேர்த்தார்கள். எங்களைக் கேட்காமல் மாடு மாதிரி கைமாற்றுவதா என்று வீரர்கள் முரண்டுபிடித்து, சுமார் 10,000 பேர் விடுதலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதற்குள் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் என்று பெயர் மாறியிருந்த நம் ரெஜிமெண்ட், மிஞ்சியவர்களோடு 1862இல் 102ஆம் ரெஜிமெண்ட் ஆனது. 1881இல் எண்களை எல்லாம் எடுத்துவிட்டு மாவட்டப் பெயர்களைச் சூட்டியபோது, பம்பாய் ஃபியூசிலியர்ஸோடு சேர்ந்து ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆகிவிட்டது. அயர்லாந்து தனி நாடானதும் 1922இல் அதையும் கலைத்தார்கள். ஒரே ரெஜிமெண்ட், நாலு பெயர், இரண்டு காப்பகம். 1862க்கு முன்பு என்றால் கியூவில் தேடிப் பயனில்லை. கம்பெனி ஆட்களின் பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. எந்தக் கப்பலில் வந்தார், எந்த ஊர்க்காரர், வயது என்ன, என்ன தொழில் என்பதெல்லாம் கப்பலேற்றுப் பட்டியல்களில் கிடைக்கும். கம்பெனி வீரர்களுக்கான பென்ஷன்கூட செல்சீயிலிருந்து வரவில்லை, ராபர்ட் கிளைவ் 1770இல் ஏற்படுத்திய நிதியிலிருந்து வந்தது.

மூன்றாவது வழி, நான் முதலில் எடுத்திருக்க வேண்டிய வழி. மெட்ராஸ் மாகாணத்தின் சர்ச்சுகளில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. 1698 முதல் உள்ள அந்த வரிசை, என் 2 என்ற அடையாளத்தோடு அதே இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கிறது. அசல் பக்கத்தின் படம் வேண்டுமென்றால் ஃபைண்ட்மைபாஸ்ட். வெறும் விவரம் போதுமென்றால் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். ஃபிபிஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கத்தின் தளத்திலும் தேடக் காசில்லை. பட்டாளத்துக்காரர் கல்யாணம் செய்தாலும், குழந்தை பிறந்தாலும், செத்தாலும், பாதிரியார் ரெஜிமெண்டின் பெயரையும் பதவியையும் எழுதிவிடுவார். நாலு குழந்தைகளின் ஞானஸ்நானத்தை வரிசையாக வைத்தால் போதும். பரங்கிமலை, திருச்சி, பெங்களூர், கண்ணனூர் என்று ஊர் ஊராகப் போனதும், பிரைவேட் கார்ப்பரல் ஆனதும், மறுபடி பிரைவேட் ஆனதும் தெரிந்துவிடும். பதவி இறங்கியிருந்தால் பெரும்பாலும் காரணம் சாராயம்தான், அது என் ஊகம்.

இதற்கும் ஓட்டை உண்டு. கத்தோலிக்கக் கோயில்களிலிருந்து நகல்கள் ஒழுங்காகப் போகவில்லை. அந்த ரெஜிமெண்டிலோ ஐரிஷ்காரர்கள் ஏராளம். அப்படியானால் இங்கேயே அந்தந்தக் கோயிலில் மூலப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்க வேண்டியதுதான். தாயின் பெயர் குடும்பப் பெயர் இல்லாமல் 'மேரி' என்று மட்டும் இருந்தால், அவள் இந்த மண்ணுக்காரியாக இருக்கலாம். அவளைப் பற்றி ராணுவம் எந்தத் தாளும் வைக்கவில்லை. தேடுகிறவர்களுக்குப் பாதிக் குடும்பம் அங்கேயே இருட்டிப் போகிறது.

முதல் உலகப் போர்க்காலத்து ஆள் என்றால் இந்தக் கணக்கே வேறு. 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டு லண்டன் ஆர்ன்சைடு தெருவில் இருந்த ராணுவக் கிடங்கில் விழுந்து, அந்தப் போரில் இருந்த சாதாரண வீரர்களின் கோப்புகளில் சுமார் 60 சதவீதம் எரிந்துபோனது. மிஞ்சியவற்றை எரிந்த ஆவணங்கள் என்றே அழைக்கிறார்கள். ஸ்கேனில் ஓரம் கருகியும் தண்ணீரில் ஊறியும் இருப்பது தெரியும். அதனால் கோப்பை நம்பிச் சந்தா கட்டாதீர்கள், முதலில் பதக்க அட்டைகளைப் பாருங்கள். அவை ஏறக்குறைய முழுசாக இருக்கின்றன. பெயர், பதவி, நம்பர், ரெஜிமெண்ட் தெரியும். காயம்பட்டவர், செத்தவரின் குடும்பம் என்றால் பென்ஷன் அட்டைகள். பாதுகாப்பு அமைச்சகம் இனி வைத்துக்கொள்ள இயலாது என்றபோது, வெஸ்டர்ன் ஃப்ரண்ட் அசோசியேஷன் என்ற சங்கம் 2012இல் பொறுப்பேற்றுக் காப்பாற்றியவை அவை. செத்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம், அது இலவசம். அதற்கெல்லாம் முன்னால் வீட்டு அலமாரியைப் பாருங்கள். அந்தப் போரின் வட்டப் பதக்கங்களின் விளிம்பில் நம்பரும் பெயரும் ரெஜிமெண்டும் பொறித்திருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்தே அழித்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

அதிகாரி என்றால் இவ்வளவு அலைச்சல் இல்லை. அச்சிட்ட ராணுவப் பட்டியல்கள் 18ஆம் நூற்றாண்டிலிருந்து உண்டு, ஸ்காட்லாந்து தேசிய நூலகம் நிறையவற்றை இலவசமாகவே போட்டிருக்கிறது. லண்டன் கெஜட்டில் நியமனமும் பதவி உயர்வும் வரும். நம் தமிழ்ச் சிப்பாய்களின் பேரப்பிள்ளைகள் சிலரும் என்னிடம் கேட்டதுண்டு. மெட்ராஸ் ராணுவத்தின் இந்தியச் சிப்பாய்களுக்கு மேலே சொன்ன டபிள்யூ.ஓ. 97இல் இடம் கிடையாது, அந்தச் சந்தாவைக் கட்டி ஏமாற வேண்டாம்.

சரி, ஆன்ட்டியின் கதைக்கு வருகிறேன். நான் முதலில் சந்தா கட்டினேன். நகலில் இருந்த பெயரில் பென்ஷன் தாள் இல்லை. ஆன்ட்டியின் பிறந்த வீட்டுப் பெயரைப் போட்டேன், 102ஆம் ரெஜிமெண்டில் ஒருவர் கச்சிதமாக வந்தார். மேலே சொன்ன நாலு பக்கம், பெருக்கல் குறி, மெட்ராஸ் எல்லாம் அவருடையதுதான். சர்ச் எழுத்தர் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார் என்று நானே ஒரு கதை கட்டி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆன்ட்டி அதை லேமினேட் செய்து ஹாலில் மாட்டினார்.

ஆறு மாதம் கழித்து, வேறு எதையோ தேடும்போது ஃபேமிலிசர்ச்சில் ஒரு கல்யாணம் கண்ணில் பட்டது. மாப்பிள்ளை லேமினேட் ஆசாமி. பெண்ணுக்கு நேரே 'விதவை' என்று இருந்தது. அவளுடைய பெயரும், முதல் கணவனின் குடும்பப் பெயரும் டின்னில் இருந்த நகலில் உள்ளவையேதான். கணவன் செத்தால் பட்டாளத்து விதவைக்குக் கிடைத்த உதவி சில மாதங்களுக்கு மேல் ஓடாது. பாரக்கில் தொடர்ந்து இருக்க வேண்டுமென்றால் அதே ரெஜிமெண்டில் இன்னொருவனைக் கட்டிக்கொள்வதுதான் வழி, அதுவும் சீக்கிரம். குழந்தை இரண்டாம் கணவனின் பெயரில் வளர்ந்திருக்கிறது.

பிறகுதான் மஸ்டர். இப்போது ரெஜிமெண்டும் வருஷமும் கையில் இருந்ததால் ஆராய்ச்சியாளருக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகவில்லை. வந்த படத்தில், முதல் தாத்தாவின் வரியில் காலாண்டின் முதல் கட்டத்தில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் 'ஆஸ்பத்திரி', மூன்றாவதில் 'இறந்தார்', ஒரு தேதி. அவர் எவ்வளவு உயரம், கண் என்ன நிறம் என்பதற்கு எந்தத் தாளும் கிடைக்கவில்லை.

லேமினேட் தாளைக் கழற்றிவிடலாமா என்று ஆன்ட்டியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். மஸ்டர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அந்த மூன்று கட்டங்களையும் விரலால் தடவிப் பார்த்தார். "வளத்தவன் அவன்தானே மேன். அது அங்கேயே இருக்கட்டும்" என்றார். "இதையும் லேமினேட் பண்ணிக் குடு."